54 மி.மீ. வீரர்களைக் கொண்டு நெப்போலியன் காலப் போர்: எளிய விதிகளை எப்படி அமைப்பது?

நீலச்சட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேசையில் போர் விளையாடுவதற்காக, நெப்போலியன் காலத்துப் படைகளைச் சேர்ந்த 1/32 அளவு (அதாவது 54 மி.மீ.) பிளாஸ்டிக் வீரர்கள் என்னிடம் எண்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பிரெஞ்சுக் காலாட்படையினர் 32 பேர், பிரிட்டிஷ் காலாட்படையினர் 24 பேர், இரு தரப்புக்கும் எட்டெட்டுக் குதிரை வீரர்கள், ஆளுக்கொரு பீரங்கி, அதை இயக்க நால்வர். மேசை 180 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் கொண்டது.

இதுவரை நான் படித்துப் பார்த்த விதிநூல்கள் பெரும்பாலும் 15 மி.மீ. அல்லது 28 மி.மீ. வீரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு தரப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பட்டாலியன்கள் வேண்டும் என்கிறார்கள். தளபதிகளுக்குத் தனித்தனி மதிப்பெண், சுடுவதற்கு ஓர் அட்டவணை, மன உறுதிக்கு இன்னோர் அட்டவணை என்று பக்கங்கள் நீள்கின்றன. என்னோடு விளையாடுபவன் என் அண்ணன் மகன். அவனுக்கு வயது பன்னிரண்டு. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் நான் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தால் அவன் எழுந்து போய்விடுகிறான். அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஒரு மாலைப் பொழுதுக்குள் முடியக்கூடியதாகவும், அதே சமயம் வெறும் பகடை உருட்டலாக இல்லாமல் அந்தக் காலத்துப் போர்முறையின் சாயல் தெரிவதாகவும் விதிகள் வேண்டும். ஒரு பிரிவுக்கு எத்தனை பேரை வைப்பது, துப்பாக்கி சுடும் தூரத்தை எதை வைத்து முடிவு செய்வது, நெடுவரிசை (ஒருவர் பின் ஒருவராக ஆழமாக நிற்பது), கிடைவரிசை (பக்கவாட்டில் விரிந்து நிற்பது), சதுர அணி (நான்கு பக்கமும் வெளிநோக்கி நிற்பது) என்ற வேறுபாடெல்லாம் இவ்வளவு குறைந்த ஆட்களைக் கொண்டு காட்டத் தகுமா என்பதே என் கேள்வி. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய_பீரங்கி எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விடை கிடைத்தால் மற்றவை தானாகவே அதன் பின்னால் வந்துவிடும்.

அக்காலத்து மஸ்கட் துப்பாக்கியால் 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் அணியைச் சுட்டுப் பெரிய பயன் கிடைப்பதில்லை. அந்த 100 மீட்டரை 1/32 அளவுக்குச் சுருக்கினால் மூன்று மீட்டருக்கும் சற்று மேல் வருகிறது. உங்கள் மேசையின் நீளமே 180 செ.மீ.தான். அதாவது, வீரர்களின் அளவுக்கு நிலத்தையும் பொருத்திப் பார்த்தால், இரு படைகளும் மேசையின் இரு கோடிகளில் நின்றபடியே ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளிவிட்டு ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். பீரங்கியைப் பக்கத்து அறையில்தான் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே பெரிய வீரர்களை வைத்து விளையாடுகிறவர் நில அளவுக்கும் ஆள் அளவுக்கும் உள்ள உறவை முதல் நாளிலேயே மறந்துவிட வேண்டும்.

அதற்குப் பதிலாக நாம் காப்பாற்ற வேண்டியது நேரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உறவு. பயிற்சி பெற்ற வீரர் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை சுடுவார். நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரைப்படை கடைசி 100 மீட்டரை இருபது விநாடிக்குள் கடந்துவிடும். எனவே குதிரைப்படையை எதிர்கொள்ளும் காலாட்படைக்கு ஒரே ஒரு முறை சுடத்தான் வாய்ப்பு. நடந்து வரும் காலாட்படையை எதிர்கொண்டால் அதைவிடக் கூடுதலான வாய்ப்பு. இந்த வேறுபாட்டை மேசையில் கொண்டுவர மஸ்கட்டுக்கு 30 செ.மீ. தூரமும், காலாட்படைக்குச் சுற்றுக்கு 15 செ.மீ. நகர்வும், குதிரைப்படைக்கு 30 செ.மீ. நகர்வும் கொடுத்தால் போதும். காலாட்படையாக வருகிறவர் இரண்டு முறை சுடப்படுவார், குதிரையில் வருகிறவர் ஒரு முறை சுடப்படுவார். அட்டவணை எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அளவுகோலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பிரிவுக்கு எட்டுப் பேர் வைத்துக்கொள்ளுங்கள். குதிரைப்படைக்கு நான்கு பேர், பீரங்கிக்கு நான்கு பேர். அப்படிச் செய்தால் பிரெஞ்சுத் தரப்பில் நான்கு காலாட்படைப் பிரிவுகளும் பிரிட்டிஷ் தரப்பில் மூன்றும் கிடைக்கின்றன. இருபுறமும் இரண்டிரண்டு குதிரைப்படைப் பிரிவுகள். 180 செ.மீ. மேசைக்கு இதற்கு மேல் தேவையில்லை. வீரர்களைத் தனித்தனியாக 40 மி.மீ. அகல அடித்தட்டில் ஒட்டி, நான்கு நான்கு பேராக இரண்டு வரிசையில் ஒரு மெல்லிய பலகைத் தட்டில் நிறுத்துங்கள். பிரிவின் முகப்பு 16 செ.மீ. வரும். தட்டோடு தள்ளினால் நகர்த்துவது எளிது. ஆள் விழுந்தால் ஒருவரை மட்டும் எடுத்துவிடலாம்.

சுடுவதற்கு இரண்டு பேருக்கு ஒரு பகடை. எட்டுப் பேர் என்றால் நான்கு பகடைகள். ஒற்றைப்படையாக இருந்தால் மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்ளலாம். 5 அல்லது 6 விழுந்தால் ஓர் ஆள் விழுகிறார். 15 செ.மீ. தூரத்துக்குள் 4 விழுந்தாலும் போதும்.

மன உறுதிக்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒரே வரியில் அடங்கும்: ஒரு பிரிவு ஆள் இழக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடையை உருட்டுங்கள், விழுந்த எண் எஞ்சியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பிரிவு முதுகு காட்டி ஒரு முழு நகர்வு பின்வாங்கும். ஆறு பேர் இருக்கும் வரை அது அசையாது. ஐந்து பேராகக் குறைந்தால் ஆறு விழுந்தால் மட்டுமே கலங்கும். மூன்று பேராக இருக்கும்போது பாதிக்குப் பாதி. சிறப்புக் காவற்படையாக இருந்தால் விழுந்த எண்ணில் ஒன்றைக் கழியுங்கள், புதிதாகத் திரட்டப்பட்ட படையாக இருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். குதிரைப் பிரிவிலும் பீரங்கியிலும் நான்கு பேரே இருப்பதால், அவர்களில் ஒவ்வொருவரையும் இருவராகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் இதை ஒரு முறை கேட்டால் மறக்க மாட்டான்.

நெடுவரிசை, கிடைவரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் கருத்தில் அவற்றை விட்டுவிடலாம். எட்டுப் பேர் எந்த வரிசையில் நின்றாலும் எட்டுப் பேராகத்தான் தெரிவார்கள்.

மூன்றாம்_வரிசை எழுதியது:

மேலே எழுதியவரின் தூரக் கணக்கு மிக நேர்த்தியானது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவருடைய கடைசிப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. நெடுவரிசையையும் கிடைவரிசையையும் எடுத்துவிட்டால் மீதி இருப்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும் துப்பாக்கிச் சண்டைதான். வீரரின் தொப்பியை மட்டும் வைத்து இது நெப்போலியன் காலம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேரை வைத்துப் பாருங்கள். 1808 பிப்ரவரியில் வந்த ஆணைப்படி பிரெஞ்சுப் பட்டாலியன் ஒவ்வொன்றும் ஆறு கம்பெனிகளாக மாற்றப்பட்டது: நான்கு ஃபியூசிலியர் (சாதாரணக் காலாட்படை) கம்பெனிகள், ஒரு கிரெனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்) கம்பெனி, ஒரு வோல்டிஜியர் (இலகு காலாட்படை) கம்பெனி. கம்பெனிக்கு 140 பேர், மொத்தம் 840 பேர். பன்னிரண்டு வீரர்கள் இருந்தால் கம்பெனிக்கு இருவர் என்று கச்சிதமாகப் பொருந்துகிறது. கிடைவரிசையில் கிரெனடியர்கள் இருவரை வலக்கோடியிலும் வோல்டிஜியர்கள் இருவரை இடக்கோடியிலும் நிறுத்துங்கள். உண்மையில் அவர்கள் நின்ற இடமும் அதுவே. இரண்டு கம்பெனி அகலத்தில் நெடுவரிசை அமைத்தால் முன்னால் நான்கு பேர், ஆழத்தில் மூன்று பேர். மேசைக்கு அப்பால் நின்று பார்க்கிறவருக்கும் அது நெடுவரிசை என்று தெரியும். 54 மி.மீ. வீரர்களின் தோள் அலங்காரமும் இறகும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்போது அவர்களை வேறுபாடின்றிக் கலந்து நிறுத்துவது எனக்கு வீணாகப் படுகிறது.

விதியும் கடினமானதில்லை. நெடுவரிசையில் இருக்கும் பிரிவு சுற்றுக்கு 20 செ.மீ. நகரலாம், ஆனால் முன்வரிசைக்கு மட்டுமே சுடும் பகடை. கிடைவரிசையில் இருக்கும் பிரிவு 15 செ.மீ. நகரும், அனைவரும் சுடலாம். நெடுவரிசை கைகலப்பில் இறங்கும்போது இரண்டு பகடைகள் கூடுதல். பீரங்கிக் குண்டு நெடுவரிசை மேல் விழுந்தால் பீரங்கிக்கு ஒரு பகடை கூடுதல். அணியை மாற்ற அந்தச் சுற்றின் நகர்வில் பாதியைச் செலவிட வேண்டும். இவ்வளவே.

இதிலிருந்து பிறக்கும் சிக்கல்தான் சுவையானது. நெடுவரிசையில் வேகமாக நெருங்கி, சரியான தருணத்தில் விரித்துச் சுடுவதா, விரிக்காமல் அப்படியே மோதுவதா என்பது பிரெஞ்சுத் தளபதிகள் ஒவ்வொரு போரிலும் எதிர்கொண்ட கேள்வி. இரண்டே வரிசையாக நின்ற பிரிட்டிஷார் தம்மிடமிருந்த துப்பாக்கிகள் அத்தனையையும் ஒருசேர முழக்கிவிட்டு உடனே துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். 1810 செப்டம்பர் 27 அன்று போர்ச்சுகலில் புசாகோ மலைமுகட்டை நோக்கி ஏறிய பிரெஞ்சு நெடுவரிசைகளுக்கு நேர்ந்தது அதுதான். உங்கள் அண்ணன் மகன் முதல் ஆட்டத்தில் நெடுவரிசையாகவே மோதி அடிவாங்குவான்; இரண்டாம் ஆட்டத்தில் எங்கே விரிப்பது என்று அவனே யோசிக்கத் தொடங்குவான்.

பழைய_பீரங்கி எழுதியது:

பன்னிரண்டு பேர் இருந்தால் நெடுவரிசை அழகாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவரிடம் பிரிட்டிஷ் காலாட்படையினர் 24 பேர்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால் இரண்டே பிரிவுகள். இரண்டு பிரிவுகளை வைத்திருப்பவருக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்பதைத் தவிரத் தீர்மானிக்க ஒன்றுமில்லை; ஒன்றைப் பின்னால் ஒதுக்கிவைத்து நெருக்கடியில் இறக்கும் வாய்ப்பே கிடையாது. என்னைக் கேட்டால் அந்த ஒதுக்கப்பட்ட பிரிவுதான் ஆட்டத்தின் உயிர். வீரர்கள் சேரச் சேரப் பன்னிரண்டுக்குப் போகலாம். அதுவரை எட்டிலேயே நெடுவரிசை வேண்டுமென்றால் முன்னால் இருவர், ஆழத்தில் நால்வர் என்று நிறுத்தி, மேலே சொன்ன அதே விதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மோதலில் இரண்டு பகடை கூடுதல் என்பது எட்டுப் பேருக்கு அதிகம், ஒன்று போதும்.

நீலச்சட்டை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எட்டுப் பேர் என்ற கணக்கில், நெடுவரிசையையும் சேர்த்து, நேற்று மாலை விளையாடிப் பார்த்தோம். அட்டவணை இல்லாமலே ஆட்டம் ஓடியது. பையன் கடைசி வரை எழுந்திருக்கவில்லை. சுடுவதும் பின்வாங்குவதும் இயல்பாக இருந்தன.

குதிரைப்படைதான் சிக்கல். ஒரே ஒரு முறை சுடப்பட்டுவிட்டு வந்து மோதுகிற குதிரைப் பிரிவு, எதிரே நிற்கும் எந்தக் காலாட்படையையும் துடைத்துப் போட்டுவிடுகிறது. கைகலப்பில் குதிரை வீரர் ஒருவருக்கு இரண்டு பகடை என்று நானாக வைத்தது ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் குறைத்தால் குதிரைப்படைக்கு மதிப்பில்லாமல் போகிறது. சதுர அணி வேண்டும் என்று தெரிகிறது. எட்டுப் பேரை வைத்துச் சதுரம் அமைப்பது வேடிக்கையாகத் தோன்றாதா?

வெடிமருந்து எழுதியது:

குதிரை வீரருக்கு இரண்டு பகடை என்பதைக் குறைக்க வேண்டாம். சதுரத்துக்குள் புகாத காலாட்படையைக் குதிரைப்படை துடைத்துப் போடத்தான் செய்தது. 1811 மே 16 அன்று ஸ்பெயினின் அல்புவேராவில் கொட்டும் மழைக்கு நடுவே பக்கவாட்டிலிருந்து பாய்ந்த போலந்து ஈட்டிக் குதிரைப்படையிடம் பிரிட்டிஷ் தளபதி கால்போர்னின் படையணி சில நிமிடங்களில் சிதைந்தது. 1815 ஜூன் 16 அன்று பெல்ஜியத்தின் காத்ர் பிராவில், சதுரம் அமைத்து முடிப்பதற்குள் சிக்கிக்கொண்ட பிரிட்டிஷ் 69ஆம் காலாட்படைப் பிரிவு தன் கொடிகளில் ஒன்றையே பறிகொடுத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனின் தளபதி நேய் தலைமையில் பிரெஞ்சுக் குதிரைப்படை மாலை நான்கு மணி அளவில் தொடங்கி அலை அலையாக வந்து மோதியும் நேச நாட்டுச் சதுரங்கள் குலையவில்லை. குதிரைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் கத்திமுனைகள் அடர்ந்த வேலியின் மேல் அது தானாகப் பாயாது. சதுரம் உடைந்த நிகழ்ச்சிகள் அரிதானவை. 1812 ஜூலை 23 அன்று ஸ்பெயினின் கார்சியா எர்னாண்டசில் அடிபட்ட குதிரையொன்று வீரர்கள் மேலேயே சரிந்து விழுந்து வழி ஏற்படுத்தியதால்தான், பிரிட்டிஷாரோடு இருந்த ஜெர்மன் கனரகக் குதிரைப்படையால் உள்ளே நுழைய முடிந்தது என்று சொல்வார்கள்.

ஆகவே விதியில் சோதிக்கப்பட வேண்டியது சதுரத்தின் வலிமை இல்லை, அதை உரிய நேரத்தில் அமைத்துவிட முடிகிறதா என்பதுதான். நான் பயன்படுத்தும் முறை இது. குதிரைப்படை ஆட்டக்காரர் பாய்ச்சலை அறிவிக்கும்போது தூரம் 15 செ.மீ.க்கு மேல் இருந்தால், காலாட்படை பகடை உருட்டாமலே சதுரம் அமைத்துக்கொள்ளலாம். அதற்குள் இருந்தால் ஒரு பகடை உருட்ட வேண்டும். எஞ்சிய ஆட்களில் பாதி அளவோ அதற்குக் குறைவாகவோ எண் விழுந்தால் சதுரம் அமைந்துவிட்டது. எட்டுப் பேர் முழுதாக இருந்தால் 1 முதல் 4 வரை நல்லது. நான்கு பேராகக் குறைந்த பிரிவுக்கு 1 அல்லது 2 விழுந்தால்தான் பிழைப்பு. தவறினால் நின்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டதாகக் கொள்ள வேண்டும். ஏற்கெனவே அடிபட்டுத் தளர்ந்த பிரிவைத் தேடிப்பிடித்துக் குதிரைப்படை பாயும் வழக்கம் இந்த ஒரே விதியால் மேசையில் தானாக வந்துவிடும்.

அமைந்துவிட்ட சதுரத்தின் மேல் குதிரைப்படை மோத முடியாது. பக்கத்துக்கு ஒரு பகடை என்று சுடப்பட்டுவிட்டு ஒரு முழு நகர்வு பின்வாங்க வேண்டும். சதுரம் அந்தச் சுற்றில் நகர முடியாது. அதோடு நிறுத்தாதீர்கள். சதுரத்தை நோக்கிச் சுடும் பீரங்கிக்கும் காலாட்படைக்கும் ஒரு பகடை கூடுதலாகக் கொடுங்கள். இப்போது குதிரைப்படையின் வேலை மோதுவது மட்டுமில்லை, அருகில் வந்து மிரட்டி எதிரியைச் சதுரத்துக்குள் அடைத்து வைப்பதும்தான். அடைபட்டுக் கிடக்கும் சதுரத்தின் மேல் பீரங்கியைத் திருப்பினால், வெளியே வந்தால் குதிரை, உள்ளே நின்றால் குண்டு என்ற நெருக்கடி காலாட்படைக்கு வருகிறது. வாட்டர்லூவில் நேயின் குதிரைப்படைக்குப் பின்னால் போதிய காலாட்படையும் பீரங்கிகளும் நெருங்கி வராமல் போனதே அவருடைய பெரிய குறை.

எட்டுப் பேர் சதுரம் வேடிக்கையாக இருக்காது, கவலைப்படாதீர்கள். பக்கத்துக்கு இருவராக நான்கு திசையிலும் வெளிநோக்கி நிறுத்தி, நடுவில் குதிரை மேலமர்ந்த அதிகாரி ஒருவரை வையுங்கள். அவரை ஆள் கணக்கில் சேர்க்க வேண்டாம். மண்டியிட்டுத் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்திருக்கும் வீரர்கள் உங்கள் பெட்டியில் இருந்தால் அவர்களை மூலைகளில் நிறுத்துங்கள். பெரிய வீரர்களின் பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. 15 மி.மீ.யில் சதுரம் என்பது நான்கு அட்டைகளை ஒட்டி வைப்பது; இங்கே ஒவ்வொரு வீரரும் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது தெரிகிறது.

தூரிகை எழுதியது:

விதிகளைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வண்ணத்தைப் பற்றி மட்டும் சுருக்கமாக. இவ்வகை வீரர்கள் வளையக்கூடிய மென்பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுவதால் வார்ப்பச்சில் தடவிய எண்ணெய்ப் பசை மேலே ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, முழுதாக உலர்ந்த பிறகே பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். கத்திமுனையும் வாளும் வளையும் இடங்களாதலால் வண்ணம் அங்கேதான் முதலில் உரியும்; அந்த இடங்களில் மட்டும் மெல்லிய பி.வி.ஏ. பசை (வெள்ளைத் தச்சுப் பசை) ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டு அதன் மேல் அக்ரிலிக் வண்ணம் தீட்டுங்கள். முடிவில் பளபளக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சும், பளபளப்பு பிடிக்காதவர்கள் அதன் மேல் மங்கலான வார்னிஷ் ஒரு பூச்சும் கொடுக்கலாம். கையால் எடுத்து எடுத்து வைக்கும் வீரர்களுக்கு இந்தக் கவசம் தேவை. என் சொந்த விருப்பம் பளபளப்போடு விட்டுவிடுவதுதான். பழைய ஈய வீரர்களின் தோற்றம் அப்போதுதான் வருகிறது.

பிரெஞ்சு வீரர்கள் அனைவருக்கும் விதிப்படியான நீலச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் வேண்டும் என்று எண்ணித் தயங்க வேண்டாம். போர்க்களத்தில் அவர்கள் பெரும்பாலும் சாம்பல், பழுப்பு, மணல் நிறங்களில் கைக்குக் கிடைத்த மேலங்கிகளையே அணிந்திருந்தார்கள். ஒரே பிரிவில் மூன்று நான்கு நிறங்களில் மேலங்கிகள் கலந்திருந்தால் வேலையும் குறையும், பார்க்கவும் உண்மைக்கு அருகில் இருக்கும். குதிரைகளில் செம்பழுப்பும் கரும்பழுப்பும் மிகுந்திருக்கட்டும். வெண்சாம்பல் குதிரையை எக்காளம் ஊதுபவருக்கு ஒதுக்குவது அக்கால வழக்கம்.

மூன்றாம்_வரிசை எழுதியது:

களத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இவ்வளவு சிறிய படைகளை வைத்துக்கொண்டு வாட்டர்லூ முழுவதையும் மேசையில் நடத்த முயல்வதைவிட, அதன் ஒரு மூலையை எடுத்துக்கொள்வது நல்லது. அதற்கு லா எ சாந்த் பண்ணை வீடு மிகப் பொருத்தமானது. மேஜர் கியோர்க் பாரிங் தலைமையில், பிரிட்டிஷ் படையில் இருந்த ஜெர்மன் லீஜியனின் இரண்டாம் இலகு பட்டாலியன், சுமார் 400 பேர், அந்தப் பண்ணையில் நின்றார்கள். அவர்களிடம் இருந்தவை பேக்கர் ரைபிள்கள் (குழலுக்குள் வரிவெட்டு உள்ள, மஸ்கட்டைவிடத் தொலைவாகச் சுடும் துப்பாக்கிகள்). அவற்றுக்கான தோட்டாக்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் வந்து சேரவில்லை. முந்தைய நாள் இரவு குளிருக்கும் மழைக்கும் விறகாக எரிப்பதற்குக் களஞ்சியத்தின் கதவைப் பெயர்த்துவிட்டிருந்ததால், பண்ணையில் ஒரு வாயில் திறந்தே கிடந்தது. களஞ்சியக் கூரையில் தீப்பிடித்தபோது சமையல் பாத்திரங்களில் தண்ணீர் மொண்டு ஊற்றி அணைத்தார்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு தோட்டா தீர்ந்து பண்ணை வீழ்ந்தது; பாரிங்கோடு பின்வாங்க முடிந்தவர்கள் நாற்பது சொச்சம் பேர்தான்.

மேசையில் இதை இப்படி அமைக்கலாம். பத்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள ஒரு வீடு 1/32 அளவில் 31 செ.மீ.க்கு 19 செ.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முழுப் பண்ணையையும் அந்த அளவில் கட்டினால் மேசையில் படைகளுக்கு இடமிருக்காது. எனவே கதவையும் சன்னலையும் மதில் உயரத்தையும் வீரரின் அளவுக்குப் பொருத்தமாக வைத்துவிட்டு, சுவர்களின் நீளத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். கண் ஏமாறுவது உயரத்தில்தான். நீளம் குறைந்ததை யாரும் கவனிப்பதில்லை. கூரை தேவையில்லை. உள்ளே வீரர்களை வைக்கக் கைக்கு வசதியாக இருக்கட்டும்.

தற்காப்புத் தரப்புக்கு ரைபிள் பிரிவு இரண்டு. ரைபிளுக்கு 45 செ.மீ. தூரம் கொடுங்கள், ஆனால் அதில் தோட்டா ஏற்ற மஸ்கட்டைவிட அதிக நேரமாகும் என்பதால் ஒரு பகடை குறைவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆறு வட்ட வில்லைகளைத் தோட்டாவாகக் கொடுத்து, சுடும் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் திரும்பப் பெறுங்கள். வில்லை தீர்ந்த பிரிவு சுட முடியாது, கைகலப்பில் மட்டுமே இறங்கலாம். மூன்றாம் பிரிட்டிஷ் பிரிவு பண்ணைக்குப் பின்னால் மேட்டில் நிற்கிறது. அது இறங்கி வரலாம், ஆனால் திறந்தவெளியில் காத்திருக்கும் பிரெஞ்சுக் குதிரைப்படையைக் கடந்துதான் வர வேண்டும். பிரெஞ்சுத் தரப்பு நான்கு காலாட்படைப் பிரிவுகளோடும் தெற்கிலிருந்து, தோப்பு இருக்கும் பக்கமாக நுழைகிறது. திறந்து கிடக்கும் களஞ்சிய வாயிலின் குறுக்கே ஒரே நேரத்தில் இருவர் மட்டுமே மோத முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை முழுவதும் அந்த வாயிலைச் சுற்றியே நடக்கும். எட்டாம் சுற்று முடியும்போது மதிலுக்குள் ஒரு தற்காப்பு வீரராவது நின்றால் பிரிட்டிஷ் தரப்புக்கு வெற்றி.

இதைவிடச் சிறியதாக வேண்டுமானால், 1810 மார்ச்சில் ஸ்பெயினின் அகேதா ஆற்றுப் பாலத்தருகே பார்பா தெல் புவேர்கோவில் நடந்த இரவுச் சண்டையைப் பாருங்கள். பிரிட்டிஷ் 95ஆம் ரைபிள் படையின் ஒரு கம்பெனி காவலிருந்த இடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இருளில் தாக்கினார்கள். ஒரு வீரர் உண்மையில் சில வீரர்களையே குறிக்கும் என்பதால் 54 மி.மீ. அளவுக்கு அது மிகவும் பொருந்தும். இரவு என்பதற்குச் சுடும் தூரத்தைப் பாதியாக்கினால் போதும்.

நீலச்சட்டை எழுதியது:

பண்ணை வீட்டுக்கான அட்டைகளை வெட்டத் தொடங்கிவிட்டேன். பீரங்கியைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம். ஆட்கள் விழுந்தால் பீரங்கி எப்போது ஓய்கிறது? எதிரி அதைக் கைப்பற்றினால் திருப்பிச் சுடலாமா? பையன் இதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறான்.

பழைய_பீரங்கி எழுதியது:

ஹெச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. அவரும் உங்களைப் போலவே பெரிய பொம்மை வீரர்களை வைத்துத்தான் விளையாடினார். காலாட்படைக்கு ஓரடி, குதிரைப்படைக்கு இரண்டடி நகர்வு. பகடைக்குப் பதிலாக, சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரத்துண்டுகளை உண்மையாகவே சுட்டு வீரர்களைச் சாய்த்தார். பீரங்கிக்கு ஆறு அங்குலத்துக்குள் அதன் தரப்பைச் சேர்ந்த நான்கு பேராவது இருந்தால்தான் அது இயங்கும் என்று வைத்திருந்தார். உங்கள் ஆட்டத்தில் நால்வர்தான் மொத்தமே என்பதால் நான் இரண்டாகக் குறைப்பேன். பீரங்கியோடு இருவராவது நின்றால் அது சுடும். இருவர் இருக்கும்போது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று மட்டும்.

குண்டுக்கு 90 செ.மீ. தூரம், இரண்டு பகடைகள், 5 அல்லது 6 விழுந்தால் ஓர் ஆள். 30 செ.மீ.க்குள் சிதறுகுண்டு: நான்கு பகடைகள், 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஓர் ஆள். அதனால் பீரங்கிக்கு நேர் எதிரே வரும் பிரிவு கடைசி இரண்டு நகர்வுகளில் பெரிதும் அடிபடும். பக்கவாட்டிலிருந்து வருவதே புத்திசாலித்தனம். கைப்பற்றிய பீரங்கியைத் திருப்பிச் சுடக் காலாட்படையை அனுமதிக்க வேண்டாம். அதற்குப் பயிற்சி வேண்டும். ஆபத்து நேரத்தில் பீரங்கிக்காரர்கள் திரியிடும் கருவிகளையும் திணிகோலையும் எடுத்துக்கொண்டே ஓடினார்கள். ஆனால் கைப்பற்றிய பிரிவிலிருந்து ஒருவரை நிறுத்தி ஒரு சுற்றைச் செலவிட்டால், திரித்துளையில் ஆணி அறைந்து அதை ஆட்டம் முடியும் வரை பயனற்றதாக்கிவிடலாம் என்று வையுங்கள். குதிரைப்படைக்கும் இந்த உரிமை உண்டு. பையன் குதிரை வீரர்களில் ஒருவனின் கையில் ஒரு சுத்தியலை ஒட்டித் தரும்படி கேட்டால் மறுக்காதீர்கள்.